பதினாறு வயதுப் பெண்ணைப் பெரியவர்களோடு மோத விடலாமா?

கேள்வி: டாக்டர், வணக்கம். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம் பக்கம். என் மகள் ப்ளஸ் ஒன் படிக்கிறாள். வரும் கார்த்திகை வந்தால் பதினேழு வயது. மூன்று வருடமாக மல்யுத்தம் பழகுகிறாள். முதலில் பள்ளிக்கூடத்தில் கபடிதான் ஆடிக்கொண்டிருந்தாள், அவள் பிடியைப் பார்த்துவிட்டு மாஸ்டர்தான் இதற்கு மாற்றினார். மாநில அளவில் பதக்கமும் வாங்கிவிட்டாள். இப்போது மாஸ்டர், "இவள் வயசுப் பிள்ளைகளோடு மோதி இனிமேல் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பெரியவர்கள் பிரிவில் 50 கிலோவில் இறக்குகிறேன்" என்கிறார். தசரா சமயத்தில் கர்நாடகப் பக்கம் நடக்கிற ஓபன் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போகிறாராம். "அந்திம் பங்கால் சின்ன வயசிலேயே ஜெயிக்கவில்லையா?" என்று அவள் அப்பாவும் சேர்ந்துகொண்டார். எனக்குத்தான் பயமாக இருக்கிறது. அவள் எடை 54 கிலோ. குறைக்க வேண்டும் என்று களி, சோறு இரண்டையும் நிறுத்திவிட்டாள். போன போட்டியில் எடை பார்ப்பதற்கு முதல் நாள் சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று கொடுத்தார்களாம், ராத்திரி முழுக்க பாத்ரூமுக்கும் படுக்கைக்கும் நடந்தாள். மூன்று மாதமாக வீட்டுக்குத் தூரமாகவில்லை. பிராக்டீஸ் அதிகம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்கிறார்கள். இடது காது வேறு நேற்றிலிருந்து வீங்கியிருக்கிறது. அவளை அனுப்புவதா, வேண்டாமா?

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுக்க வேண்டும். போட்டி இந்த வருடம் போனால் அடுத்த வருடம் வரும். மூன்று மாதமாக மாதவிடாய் நின்றிருப்பதும் அந்த வெள்ளை மாத்திரையும் இந்த வாரமே பார்க்க வேண்டிய விஷயங்கள்.

"பிராக்டீஸ் அதிகம் என்றால் அப்படித்தான்" என்பதை ஓட்டப் பந்தயம், ஜிம்னாஸ்டிக்ஸ், மல்யுத்தம் என்று எல்லாப் பக்கமும் சொல்கிறார்கள். பல பெண்கள் அதை ஒரு வசதியாகவே நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒழுங்காக வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் நின்றால் அது உடம்பு கொடுக்கிற எச்சரிக்கை. பயிற்சி மட்டும் அதற்குக் காரணமாக இருப்பது அபூர்வம். பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடு இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். காலையிலும் மாலையிலும் மல்யுத்தப் பாயில் புரள்கிற பிள்ளை அதற்கு ஈடாகச் சாப்பிடவில்லை என்றால், உயிர் பிழைக்க உடனடியாகத் தேவைப்படாத வேலைகளை மூளை ஒவ்வொன்றாக நிறுத்தும். அதில் முதலில் நிற்பது கருமுட்டை வேலை. அது நின்றால் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும், ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு கெட்டிப்படாது.

அவள் வயதில் இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பெண்ணின் எலும்புச் சேமிப்பில் பெரும்பகுதி பதினெட்டு வயதுக்குள் முடிந்துவிடும். இந்த இரண்டு வருடத்தில் சேராததைப் பின்னால் மாத்திரை போட்டுச் சேர்த்துவிட முடியாது. இதே நிலையில் எடையைக் குறைத்து, தன்னைவிட வலுவான பெண்களிடம் தூக்கி எறியப்பட்டால், கால் எலும்பிலோ இடுப்பிலோ மயிரிழை விரிசல் வர வாய்ப்பு அதிகம். கூடவே ரத்தசோகை, அடிக்கடி சளி, எதிலும் மனம் ஒட்டாமை, படிப்பில் கவனக்குறைவு என்று வரிசையாக வரும். இதில் எதையாவது ஏற்கெனவே பார்க்கிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். மகளிர் நலப் பிரிவில், "மல்யுத்தம் செய்கிறாள், சாப்பாட்டைக் குறைத்திருக்கிறாள், மூன்று மாதமாக வரவில்லை" என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். விளையாட்டு விஷயத்தை மறைத்தால் டாக்டருக்குப் பாதிக் கதைதான் தெரியும். ஹீமோகுளோபின், இரும்புச் சத்து இருப்பு, தைராய்டு, புரோலாக்டின், வைட்டமின் டி எல்லாம் பார்ப்பார்கள். கருத்தரிப்புப் பரிசோதனையும் செய்வார்கள். எந்தப் பெண் இந்தக் குறையோடு வந்தாலும் செய்கிற வழக்கமான பரிசோதனைதான் அது, நீங்களோ அவளோ அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எடுத்தவுடன் ஹார்மோன் மாத்திரை கொடுத்து "வர வைத்துவிட்டால்" பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த மாத்திரையால் ரத்தப்போக்கு வரும், ஆனால் சாப்பாட்டுக் குறை அப்படியேதான் இருக்கும்.

களியை நிறுத்தியது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. எலும்பு வளர்கிற பிள்ளைக்கு நம் பக்கத்தில் அதைவிட மலிவாக வேறு என்ன கிடைக்கும்? காலைப் பயிற்சி முடிந்து வந்ததும் ஒரு உருண்டை களியும் கீரைக் கடைசலும், கூட இரண்டு முட்டையும் கொடுங்கள். மாலையில் பயிற்சிக்குப் போகும் முன்னால் ஒரு பிடி வறுத்த வேர்க்கடலையும் வாழைப்பழமும். ராத்திரி சோறு, பருப்பு அல்லது கொள்ளு, தயிர். கறி, மீன் எடுக்கும் நாளில் அவளுக்கு ஒரு பங்கு கூட. எடை கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

அடுத்து அந்த மாத்திரை. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அது நீர் பிரியவைக்கும் மாத்திரைதான். இதய நோயாளிக்கும் கால் வீங்கியவருக்கும் டாக்டர் அளவு பார்த்துக் கொடுப்பது. உடம்பில் இருக்கிற தண்ணீரோடு பொட்டாசியத்தையும் சேர்த்து வெளியேற்றிவிடும். பொட்டாசியம் இறங்கினால் தசை பிடித்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். நான் சும்மா மிரட்டவில்லை. 1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், சூடான அறையில் வேர்வை வெளியேறாத உடுப்பைப் போட்டுக்கொண்டு எடை குறைக்கப் போய், அடுத்தடுத்து இறந்துபோனார்கள். மூவரும் இளம் ஆண்கள், நல்ல உடல்வாகு. அதற்கப்புறம்தான் அங்கே எடை விதிகளையே மாற்றினார்கள். இப்போது அங்கே பள்ளி அளவில் ஒரு வாரத்தில் உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது, பெண் பிள்ளைகளின் உடம்பில் கொழுப்பு 12 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் மகள் கணக்கில் வாரத்துக்கு எண்ணூறு கிராம்தான் வருகிறது. 54-லிருந்து 50 என்பது ஏழு சதவீதத்துக்கும் மேல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீர்மாத்திரைகள் எல்லாமே உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. போட்டி நாள், சாதா நாள் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. சிறுநீர்ப் பரிசோதனையில் அது தெரிந்தால் விளையாடியவர் பெயர்தான் முதலில் வரும், கொடுத்தவர் யார் என்ற விசாரணை அப்புறம். எடை பார்த்து முடிந்ததும் தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிவிடுகிற பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியாக ஏற்றுவதும் தடைதான், ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்காகச் செய்தால் தவிர. ஒரு பாட்டில் என்பது 500 மில்லி. ஆகவே அந்த மாத்திரை இனி அவள் வாய்க்குள் போகக் கூடாது. மீதி வைத்திருந்தால் வாங்கித் தூர எறியுங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

உலக மல்யுத்தக் கூட்டமைப்பின் விதிப்படி, பெரியவர்கள் பிரிவுக்கு வருவதற்கு அந்த ஆண்டில் பதினெட்டு வயதாவது நிறைய வேண்டும். பிறந்த ஆண்டை வைத்துத்தான் கணக்கு. 16, 17 வயதுக்காரர்களுக்கு 17 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. பதினேழு நிறைகிற ஆண்டில், மருத்துவச் சான்றும் பெற்றோர் சம்மதமும் இருந்தால் 20 வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலும் இறங்கலாம். உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு அந்த வாசல் வரைதான் திறந்திருக்கிறது. ஓபன் போட்டிகளில் இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை, அதனால்தான் மாஸ்டர் அங்கே பெயர் கொடுக்கிறார். சில இடங்களில் எடைகூடப் பார்க்காமல் கண்ணளவில் ஜோடி சேர்த்து விடுவார்கள். பக்கத்தில் மருத்துவர் இருப்பாரா, ஆம்புலன்ஸ் நிற்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

அவள் அப்பா கேட்ட கேள்வியும் நியாயமானதுதான். இளம் வயதில் பெரியவர்களை வென்றவர்கள் இல்லாமல் இல்லை. ஜப்பானின் அகாரி ஃபுஜினாமி 2021-ல் ஆஸ்லோவில் உலகப் பட்டம் வென்றபோது அவருக்குப் பதினெட்டாவது பிறந்தநாள்கூட வரவில்லை. யுய் சுசாகி 2017-ல் பதினெட்டு வயதில் வென்றார். ரஷ்யாவின் அப்துல்ரஷித் சாதுலாயேவ் 2014-ல் பதினெட்டு வயதில் 86 கிலோவில் உலகச் சாம்பியன் ஆனார். ஆனால் அவர்கள் அதற்கு முன்னால் எங்கே இருந்தார்கள் என்று பாருங்கள். ஃபுஜினாமி 2018-லேயே தன் வயதுப் பிரிவில் உலகச் சாம்பியன். சுசாகி 2014, 2015, 2016 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அந்தப் பிரிவில் தங்கம். சாதுலாயேவ் 2012-லும் 2013-லும். தன் வயதில் உலகத்திலேயே ஆள் இல்லை என்று ஆன பிறகுதான் பெரியவர்கள் பக்கம் வந்தார்கள்.

அந்திம் கதையும் அப்படித்தான். 2021-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் வெண்கலம். 2022-ல் 20 வயதுக்கு உட்பட்டோரில் தங்கம், இந்தியப் பெண் ஒருவர் அந்தப் பட்டத்தை வென்றது அதுதான் முதல் முறை. 2023-ல் மறுபடியும் அதே தங்கம். அந்த ஆண்டு செப்டம்பரில்தான், பத்தொன்பது வயதில், பெரியவர்கள் உலகப் போட்டியில் 53 கிலோ வெண்கலம். அடுத்த ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே 0-10 என்று தோற்றுப்போனார், அப்புறம் 2025-ல் மீண்டும் உலக வெண்கலம். அப்பாவிடம் இந்த வரிசையைச் சொல்லுங்கள். அந்திமைக் காட்டித்தான் அவர் கேட்கிறார் என்றால், அந்திம் ஏறிய ஒவ்வொரு படியையும் அவர் பார்க்கட்டும்.

ஃபுஜினாமியிடம் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. 2022 உலகப் போட்டிக்கு முன்னால் பாதத்தில் காயம். உலகச் சாம்பியன் பட்டத்தைக் கையில் வைத்திருந்தவர், போட்டியிலிருந்து விலகினார். 2023-ல் திரும்பி வந்து தங்கம், 2024-ல் ஒலிம்பிக் தங்கம். ஒரு ஆண்டு விட்டுக்கொடுத்ததால் அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

உடம்பு விஷயத்துக்கு வருவோம். பெண் பிள்ளைகள் ஆண் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் வளர்ந்து முடிக்கிறார்கள். பதினாறு வயதுப் பெண் உயரத்தில் ஏறக்குறைய முழு ஆள். அதே வயதுப் பையனுக்குத் தசை இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் இளம் வயதில் பெரியவர்களை வெல்பவர்கள் பெண்களிலும், ஆண்களில் குறைந்த எடைப் பிரிவுகளிலும் அதிகம். சாதுலாயேவ் விதிவிலக்கு. இதைக் கேட்டுவிட்டு மாஸ்டர், "பார்த்தீர்களா, நான் சொன்னது சரிதானே" என்பார். பாதி சரி. தராசில் ஒரே எடையைக் காட்டினாலும், இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கழுத்து, தோள், தசைநார்கள் பத்துப் பன்னிரண்டு வருடப் பயிற்சியில் இறுகியவை. தசை மாதக்கணக்கில் வலுப்படும், தசைநாரும் மூட்டுப் பிணைப்பும் வருடக்கணக்கில்தான். பதின்ம வயதில் ஒருமுறை தோள்பட்டை இறங்கினால் திரும்பத் திரும்ப இறங்குவது மிக அதிகம். தலையில் அடிபட்டாலும் பெரியவர்களைவிட இந்த வயதுப் பிள்ளைகள் தேறி வர அதிக நாள் ஆகிறது.

நேரமும் வேறு. 17 வயதுக்கு உட்பட்டோருக்கு இரண்டு நிமிடம் வீதம் இரண்டு சுற்று, பெரியவர்களுக்கு மூன்று நிமிடம் வீதம் இரண்டு சுற்று. நான்கு நிமிடம் பழகிய உடம்பு ஐந்தாவது நிமிடத்தில் என்ன ஆகும் என்பதைப் பாய்க்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். முதலில் இடுப்பு நிமிரும், அப்புறம் கை தானாகக் கீழே இறங்கும், எதிராளி காலைப் பிடிக்க வரும்போது பின்னால் நகர வேண்டிய பாதம் நகராமல் நின்ற இடத்திலேயே நிற்கும். முட்டி திருகுவது அந்த நொடியில்தான்.

54 கிலோப் பெண்ணை ஏன் 50-ல் இறக்குகிறார் என்றும் கேளுங்கள். பெரியவர்கள் பிரிவில் 53 இருக்கிறது, 55-ம் இருக்கிறது. 50-ல் ஆட்கள் சிறியவர்கள், ஜெயித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் அந்தப் பிரிவில் நிற்கிற அனுபவசாலிகளில் பலர் அதைவிடக் கூடுதல் எடையிலிருந்து, முறையாக, பல வாரம் திட்டம் போட்டு இறங்கி வந்தவர்கள். உங்கள் மகள் பட்டினி கிடந்து, தண்ணீர் வற்றி, அவர்கள் முன்னால் போய் நிற்பாள். முறையான போட்டிகளில் இப்போது காலையில் எடை பார்த்து அன்றைக்கே மோத விடுகிறார்கள், தேறுவதற்கு நேரம் கிடையாது. வினேஷ் போகட்டுக்கு நடந்தது ஊரறிந்த விஷயம். வழக்கமாக 53 கிலோவில் ஆடியவர். அந்த இடத்துக்கான ஒலிம்பிக் தகுதியை அந்திம் பெற்றுவிட்டதால் 50-க்கு இறங்கினார். பாரிஸில் இறுதிப் போட்டிக்குப் போன பிறகு, இரண்டாம் நாள் எடையில் 100 கிராம் கூடுதல் என்று தகுதி இழந்தார். மருத்துவக் குழு, உணவு நிபுணர் எல்லாம் கூடவே இருந்தும், பல வருட அனுபவம் உள்ள ஒருவருக்கே அந்த நிலைமை.

ஆகவே என் பதில்: இந்தத் தசராவுக்கு அனுப்பாதீர்கள். 50 கிலோ என்ற பேச்சையே விட்டுவிடுங்கள். பதினெட்டு வயது நிறைகிற ஆண்டில், மாதவிடாய் ஒழுங்காக வந்துகொண்டு, தன் இயல்பான எடையில் நின்றால், பெரியவர்கள் பிரிவைப் பற்றி யோசிக்கலாம். அதற்கு இடையில் 20 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு இருக்கிறது. அங்கே எடைப் பிரிவும் நேரமும் பெரியவர்களுக்கு உள்ளதேதான். மாஸ்டர் தேடுகிற கஷ்டம் அங்கேயே கிடைக்கும். ரத்தப் பரிசோதனை சரியாக இருந்து, டாக்டர் சான்று கொடுத்தால் அதற்கு நானும் சம்மதிப்பேன்.

மாஸ்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மாத்திரை விஷயத்தைத் தவிர. நம் மாவட்டத்தில் மல்யுத்தம் பழகுகிற பெண் பிள்ளைகளே கொஞ்சம். அதில் ஒரே எடையில் நான்கு பேரைச் சேர்ப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். தினமும் தன்னைவிட எளிய ஆளோடு பழகினால் பிள்ளை தேங்கிவிடும் என்று அவர் பயப்படுவதும் நியாயம்தான். அதற்கு வழி பயிற்சியில் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள், இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்துக்குள் இருக்கிற மூத்த பெண்களோடு பழகட்டும். முழு ஆட்டம் வேண்டாம். காலைப் பிடித்த நிலையிலிருந்து முப்பது நொடி, பின்னால் கட்டிப்பிடித்த நிலையிலிருந்து முப்பது நொடி என்று துண்டு துண்டாகச் செய்யலாம். மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்து, விழும் முன்னால் நிறுத்தச் சொல்வார். போட்டியில் அப்படி யாரும் நிறுத்த மாட்டார்கள். அதுவுமில்லாமல், பெண்கள் ஆடுகிற ஃப்ரீஸ்டைல் முறையில் பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. ஒன்றரை நிமிடத்தில் 0-10 என்று தோற்றுவிட்டு வருகிற பிள்ளை, தன் பிடியை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்திருக்க மாட்டாள். அதில் என்ன கற்றாள்? ஓசூர் தாண்டினால் பெங்களூர். விடுமுறை நாட்களில் அங்கே கூட்டிப்போய்ப் பழக்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள். கிருஷ்ணகிரியில் மாவட்ட விளையாட்டு அலுவலரையும் ஒருமுறை நேரில் பாருங்கள், விளையாட்டு விடுதிச் சேர்க்கை பற்றி அவர் சொல்வார்.

இன்னொரு சங்கதியும் மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும். போலிப் பிறப்புச் சான்றிதழ் காட்டி வயதைக் குறைத்து ஆடியதற்காக 2025-ல் இந்திய மல்யுத்தக் கூட்டமைப்பு பல பேரைத் தடை செய்தது. அதாவது, சிறியவர்கள் பிரிவிலேயே உங்கள் மகள் எதிரே பத்தொன்பது, இருபது வயதுக்காரி நிற்க வாய்ப்பு உண்டு. சந்தேகம் வந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், தயங்க வேண்டாம். உங்கள் மகளின் சான்றிதழில் யாரையும் கை வைக்க விடாதீர்கள், வயதைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மாஸ்டரிடம் பேசப் போகும்போது அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். மகளும் கூட இருக்கட்டும், அவள் உடம்பைப் பற்றிய பேச்சு அவள் இல்லாமல் நடக்க வேண்டாம். ஆனால் மாதவிடாய் விஷயத்தை அங்கே சொல்லலாமா என்று முதலில் அவளையே கேளுங்கள். வேண்டாம் என்றால், "டாக்டர் மூன்று மாதம் எடை குறைக்கக் கூடாது என்றிருக்கிறார்" என்பது போதும். அதற்கும் அவர் ஒப்புக்கொள்ளாமல், மறுபடி மாத்திரை என்று பேச்செடுத்தால் வேறு மாஸ்டரைப் பாருங்கள்.

வீங்கிய காதை மறந்துவிடவில்லை. காதுமடலின் குருத்தெலும்புக்கும் அதை மூடியிருக்கிற சவ்வுக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கும். இரண்டொரு நாளுக்குள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினால் ரத்தத்தை எடுத்துவிட்டு இறுக்கிக் கட்டுப் போடுவார், காது பழைய வடிவத்துக்கு வரும். விட்டுவிட்டால் கல் போல இறுகிச் சுருங்கிவிடும், அப்புறம் சரிசெய்வது கடினம். வீட்டில் ஊசியால் குத்தி எடுக்கிற வேலை வேண்டாம், சீழ் பிடித்துவிடும். கட்டு அவிழ்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை பாய்ப் பக்கம் போகக் கூடாது. அதற்கப்புறம் பயிற்சியில் தினமும் காதுக் கவசம் போட வேண்டும். அந்த வாரம் அவள் சும்மா இருக்க மாட்டாள் என்றால், வேக நடை போகட்டும்.